முப்பதாயிரம் ரூபாய் போனில் கோடை பண்பலை எடுக்கவில்லை

போன தீபாவளிக்குக் கோயம்புத்தூரிலிருந்து வந்த மகன், தோள் பையைக்கூட இறக்கி வைக்காமல் என் கையில் ஒரு வெள்ளை டப்பாவைக் கொடுத்து "பிரிச்சுப் பாரும்மா" என்றான். உள்ளே போன். கண்ணாடி மாதிரி பளபளவென்று, முதுகில் மூன்று கண்ணோடு, ஈரக்கையில் பிடித்தால் அயிரை மீன் போல வழுக்குகிற ஒரு போன். விலை முப்பதாயிரமாம். அது எத்தனை கிலோ பூண்டு என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினேன். ஒரு ஒயர் மட்டும் விழுந்தது. சார்ஜரைக் காணோம். "அது தனியா வாங்கணும்மா, இப்பல்லாம் அப்படித்தான்" என்றான். கேஸ் அடுப்பு விற்கிறவன் பர்னரைத் தனியாக வாங்கிக்கொள் என்று சொன்னால் சும்மா விட்டுவிட்டு வருவோமா? 2020-ல் ஆப்பிள் கம்பெனி ஐபோன் 12-ஐ விட்டபோது டப்பாவில் சார்ஜர் வைப்பதை நிறுத்தியது, பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராக அதே வழியில் போனார்கள். குப்பை குறையும் என்பது அவர்கள் சொன்ன காரணம். எங்கள் வீட்டில் தனி சார்ஜர் வாங்கியதில் இன்னொரு டப்பாவும் இன்னொரு பிளாஸ்டிக் உறையும் வந்து சேர்ந்தன.

சரி, அதையும் பொறுத்துக்கொண்டேன். அம்மா கணப்புச் சட்டிக்குப் பக்கத்தில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. பேரனைப் பார்த்துக் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"அதுல கோடை பண்பலை எடுக்குமாப்பா?"

கோடை பண்பலை என்றால் கொடைக்கானலிலிருந்து வருகிற ஆகாசவாணி எஃப்.எம். ரேடியோ. அது இந்தப் போனில் எடுக்காது. அந்த வயிற்றெரிச்சலில்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் கடை கொடைக்கானல் மலையில், பூம்பாறையைத் தாண்டி மன்னவனூர் போகிற சாலையில் இருக்கிறது. டீ, பன், பிஸ்கட், மழைக்கோட்டு, குல்லா, கொஞ்சம் மளிகை. கடைக்குப் பின்னால் படி படியாக இறங்குகிற நிலத்தில் பூண்டும் கேரட்டும். அம்மாவுக்கு வயது எழுபத்து நாலு. பூண்டுக்குத் தாள் அறுத்து வேர் கிள்ளுவதும் பல் உதிர்ப்பதும் அம்மாவின் வேலை. அதைச் செய்யும்போது காதுக்குப் பக்கத்தில் கோடை பண்பலை பாடிக்கொண்டிருக்க வேண்டும். 100.5. எனக்கு விவரம் தெரிந்த நாளாக இது இப்படித்தான். பாட்டு, விவசாயச் செய்தி, மழை வருமா வராதா என்பது, நேரம் சொல்வது, எல்லாமே அதிலிருந்துதான். அம்மாவிடம் மணி கேட்டால் கடிகாரத்தைப் பார்க்காது, "செய்தி போட்டு முடிஞ்சிருச்சு, சோறு வை" என்று சொல்லும்.

முதலில் டிரான்சிஸ்டர் இருந்தது. அது போன பிறகு, மூலையில் டார்ச்சும் உள்ளே ரேடியோவும் இருக்கிற பட்டன் போன் ஒன்றை வாங்கிக் கொடுத்தோம். பத்து வருடம் போல உழைத்தது. என்னிடம் இருந்த பழைய டச் போனிலும் ரேடியோ உண்டு, இயர்போனைச் சொருகினால் பாடும். ஆனால் ஒரு நாள் பணம் அனுப்புகிற ஆப்பைத் திறந்தால் "உங்கள் போன் பழைய பதிப்பு, இந்த ஆப் இனி இதில் இயங்காது" என்று வந்து நின்றது. போனில் ஒரு கீறல் இல்லை, பேசினால் கணீரென்று கேட்கும், ஆனாலும் காலாவதி! ஆயுத பூஜைக்கு வந்த மகன், "குடும்மா, சரி பண்ணிக் கொண்டாறேன்" என்று எடுத்துக்கொண்டு போனான். சரி பண்ணவில்லை. புதிய போனுக்கு எக்ஸ்சேஞ்ச் என்று கொடுத்து ஆயிரத்து இருநூறு குறைத்திருக்கிறான். அந்த இருபது நாள் இடைவெளியில்தான் அம்மாவின் பட்டன் போன் சுடுதண்ணி வாளிக்குள் விழுந்தது. ஆக, வீட்டில் இருந்த இரண்டு ரேடியோவும் ஒரே மாதத்தில் போய், அவற்றுக்குப் பதிலாக முப்பதாயிரம் ரூபாய் ஊமை ஒன்று வந்து சேர்ந்தது.

போனில் ரேடியோ ஏன் இல்லை என்று கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் ரிப்பேர் கடை வைத்திருக்கிற அண்ணனிடம் போய்க் கேட்டேன். அவர் அந்தக் காலத்து வால்வு ரேடியோவிலிருந்து இன்றைய டச் போன் வரைக்கும் கழற்றிப் பார்த்தவர், நிதானமாகச் சொன்னார். ரேடியோ எடுக்க ஏரியல் வேண்டும். நூறு மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் வருகிற அலையின் நீளம் ஏறக்குறைய 3 மீட்டர், அதில் கால் பங்கு முக்கால் மீட்டர், அந்த அளவுக்கு ஒயர் இருந்தால் நன்றாகப் பிடிக்கும். கையளவு போனுக்குள் அதற்கு எங்கே இடம்? அதனால் இயர்போன் ஒயரையே ஏரியலாக வைத்துக்கொண்டார்கள். நாம் பாட்டுக் கேட்கச் சொருகுகிற ஒயர்தான் வானத்திலிருந்து பாட்டைப் பிடித்தும் கொடுத்தது. எனக்கு இதைக் கேட்டபோது அப்படி ஒரு சந்தோஷம். எவ்வளவு அழகான யோசனை! 2016-ல் ஐபோன் 7 வந்தபோது இயர்போன் சொருகுகிற அந்தத் துளையை அடைத்தார்கள். ஒயர் இல்லாமல் காதில் வைத்துக்கொள்கிற மொட்டுகளைத் தனியாக விற்றார்கள். அப்புறம் துளை இல்லாததுதான் புதுசு, துளை இருந்தால் மலிவு போன் என்று ஆகிவிட்டது. துளை போனால் ஒயர் போச்சு, ஒயர் போனால் ரேடியோ போச்சு. இதில் இன்னொரு கொடுமை, பல போன்களின் சிப்புக்குள் ரேடியோ கேட்கிற வசதி அப்படியே உட்கார்ந்திருக்குமாம், அதற்கு வழி விடாமல் வைத்திருப்பார்களாம். இதைச் சொன்னபோது அந்த அண்ணனே தலையில் அடித்துக்கொண்டார்.

மகன் விடவில்லை. "ஆப் இருக்கும்மா, ஆகாசவாணி மொத்தமும் அதுலயே கேக்கலாம்" என்று ஒன்றை இறக்கிக் கொடுத்தான். டவர் இருக்கிற இடத்தில் கேட்கத்தான் செய்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். கோடை பண்பலையின் கோபுரம் எங்கள் மலை மேலேயே நிற்கிறது. அந்த உயரத்தில் நிற்பதால்தான் மதுரை, தேனி, திண்டுக்கல் தாண்டியும் அது கேட்கிறது. தலைக்கு மேலே காற்றில் காசில்லாமல் போய்க்கொண்டிருக்கிற பாட்டை, எங்கேயோ இருக்கிற கணினிக்கு அனுப்பி, அங்கிருந்து டேட்டாவாகத் திருப்பி வாங்கி, அதற்கு மாதாமாதம் ரீசார்ஜும் போட்டு, நடுவில் சுற்றுகிற வட்டத்தையும் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டுமா? அம்மா இரண்டு நாள் பார்த்தது. பாட்டு பாதியில் நின்று வட்டம் சுற்றும்போதெல்லாம் "மூச்சு வாங்குது போலருக்கு, விட்டுரு" என்று சொல்லிவிட்டுப் பூண்டை உரிக்க ஆரம்பித்துவிடும்.

போன் குளிர் தாங்காது என்பது மார்கழியில் தெரிந்தது. எங்கள் பக்கம் உறைபனி இறங்கும், விடியற்காலையில் புல் எல்லாம் உப்புத் தூவின மாதிரி வெள்ளையாக நிற்கும். அந்த நேரத்தில் கேரட் ஏற்ற வண்டி வரும். வண்டிக்காரத் தம்பிக்குப் போன் போடலாம் என்று எடுக்கிறேன், 34 சதவீதம் சார்ஜ் காட்டுகிறது, டயல் பண்ணினதும் அணைந்துபோகிறது. மறுபடி போட்டால் பேட்டரி காலி என்கிறது. வீட்டுக்கு வந்து கணப்புக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் வைத்தால் 31 சதவீதத்தோடு எழுந்து உட்காருகிறது. போன் கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். கெடவில்லை. லித்தியம் பேட்டரி குளிரில் அப்படித்தானாம். உள்ளே நடக்கிற ரசாயன வேலை மந்தமாகிவிடும், மின்சாரம் வெளியே வரத் தடை கூடும், திரையும் சிக்னலும் சேர்ந்து இழுக்கும்போது அழுத்தம் தொப்பென்று விழும், போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். பட்டன் போனிலும் லித்தியம்தான் இருந்தது, ஆனால் அது இழுக்கிற மின்சாரம் கொஞ்சம், அதனால் அதே உறைபனியில் அதே வண்டிக்காரத் தம்பியோடு வருடக்கணக்காகப் பேசியிருக்கிறோம். இப்போது காலையில் வயலுக்குப் போகும்போது போனை ஸ்வெட்டருக்குள், இடுப்போடு சேர்த்துத் துணியில் முடிந்து கொண்டுபோகிறேன். எங்கள் வீட்டில் கோழிக்குஞ்சுக்குக்கூட நான் இவ்வளவு பார்த்ததில்லை.

அடுத்தது ஈரம். இந்தத் தொடுதிரை தன் மேல் இருக்கிற துளி மின்சாரத்தை நம் விரல் இழுப்பதை வைத்துத்தான் தொடுகிறோமா இல்லையா என்று கண்டுபிடிக்கிறது. தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்தும். அதனால் ஒரு துளி விழுந்தால் அதுவும் விரல்தான் அதற்கு. எங்கள் ஊரில் வருடத்தில் பாதி நாள் மேகம் கடைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டுப் போகும். சாரல் இல்லாத நாளை விரல் விட்டு எண்ணலாம். அப்படி ஒரு சாரலில் போனைத் திண்டின் மேல் வைத்துவிட்டு விறகு எடுக்கப் போனேன், வந்து பார்த்தால் அது வடுகபட்டிப் பூண்டு யாவாரிக்குக் காலை ஐந்து மணிக்குத் தானாகவே மூன்று தடவை போன் போட்டிருக்கிறது, அவர் அலறி அடித்துக்கொண்டு "என்ன தங்கச்சி, யாருக்கும் ஏதும் ஆச்சா?" என்று திருப்பிக் கூப்பிடுகிறார். அதே போனை நான் நனைந்த கையால் தொட்டால் அசையாது. கையுறை போட்டுத் தொட்டாலும் அசையாது. மழைத் துளிக்கு இருக்கிற மரியாதை எனக்கு இல்லை.

விரல் ரேகை வைத்தால் திறக்கும் என்றார்கள். பூண்டு உரித்து, மண்ணைக் கிண்டி, பனியில் வெடித்துப்போன விரலில் ரேகை எங்கே தெளிவாக இருக்கும்? ரேஷன் கடை மெஷினில் விரல் வைத்து அவதிப்பட்டவர்களுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. முகத்தைக் காட்டினால் திறக்கும் என்றான் மகன். குல்லாவும் மப்ளரும் இல்லாமல் எங்கள் ஊரில் யார் முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள்? காலை ஆறு மணிக்கு ஒரு போனைத் திறக்க மப்ளரை அவிழ்த்துக் குளிரில் நின்று முகம் காட்ட வேண்டியிருக்கிறது.

வடுகபட்டி யாவாரியைச் சொன்னேன் இல்லையா, அவரோடு நடந்த இன்னொரு கதைதான் எனக்கு உண்மையில் வலித்தது. கையெல்லாம் மண், கண்ணாடியும் இல்லை, சரி பேசினால் தானே எழுதிக்கொள்ளும் என்று மைக்கை அழுத்தி, "மலைப் பூண்டு நாலு மூட்டை நாளைக்கு வருது" என்று சொல்லி அனுப்பினேன். நான் சொன்னது மலை, சுத்தமான லகரம், கடைக்கு முன்னால் நிற்கிற இந்த மலை. போன் எழுதியது "மழை பூண்டு". பூண்டு யாவாரத்தில் மழையில் நனைந்த பூண்டு என்றால் என்ன அர்த்தம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும், சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும், விலை பாதிகூடத் தேறாது. அவர் உடனே, "நனைஞ்ச சரக்கு இப்ப வேணாம் தங்கச்சி, காய வச்சு அனுப்பு" என்று பதில் போட்டுவிட்டு வேறு ஆளிடம் சரக்கு எடுத்துவிட்டார். நான் பதறிக் கூப்பிட்டு, "அண்ணே, நனையவே இல்லண்ணே, நல்லாக் காஞ்ச பூண்டு" என்கிறேன், அவர் "நீதானே மழைப் பூண்டுன்னு எழுதியிருக்கே" என்கிறார். நான் எழுதவில்லை அண்ணே, போன் எழுதியது என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் அன்றைய விலை பேசி முடிந்துவிட்டது. நாலு மூட்டையும் ஒரு நாள் தூங்கிவிட்டுத்தான் மலை இறங்கியது. கொடைக்கானல் மலைப் பூண்டு என்று புவிசார் குறியீடு வாங்கின சரக்கு! உலகத்துக்கே பெயர் தெரிந்த பூண்டின் பெயர் அந்தப் பூண்டு விளைகிற ஊரில் இருக்கிற போனுக்குத் தெரியவில்லை.

கடைக்கு வருகிறவர்கள் பாடு இதைவிடப் பெரிய பாடு. 2024 மே 7-லிருந்து கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் வெளியூர் வண்டிகள் வர இ-பாஸ் வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது, 2025 சீசனுக்கு இங்கே வார நாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000 என்று எண்ணிக்கையும் வைத்தார்கள். எனக்கு அதில் மனவருத்தம் இல்லை, சீசனில் எங்கள் சாலையில் வண்டிகள் அட்டைப்பூச்சி மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தவள் நான், கணக்கு இருக்கட்டும். ஆனால் அதற்கும் போன், வழி காட்டவும் போன், ரூம் போடவும் போன், டீ குடிக்கவும் போன் என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி அந்தக் கண்ணாடிக்குள் வைத்துக்கொண்டு வருகிறார்கள், இங்கே வந்து சேர்ந்ததும் டவர் போய்விடுகிறது. பையில் பத்து ரூபாய் நோட்டு இருக்காது. நாலு டீ, இரண்டு பன், எண்பது ரூபாய். கடையில் ஒட்டியிருக்கிற அட்டையை ஸ்கேன் பண்ணிவிட்டு, போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு சாலையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரே நேரத்தில் ஆறு பேர் அப்படி நின்றார்கள். பார்த்துக்கொண்டிருந்த அம்மா "என்னடி, எல்லாரும் ஆரத்தி எடுக்குறாங்க?" என்றது.

"அக்கா, காசு போயிருச்சுக்கா, எனக்குக் கட்டாயிருச்சு" என்பார்கள். எனக்கு வந்திருக்காது. பணம் வந்தால் சத்தமாகச் சொல்கிற பெட்டியும் ஒன்று வைத்திருக்கிறேன், அதற்கும் டவர்தான் வேண்டும். அவர்கள் போய் மன்னவனூர் ஏரியைப் பார்த்துவிட்டுத் திரும்பி, கொடைக்கானலும் இறங்கி, சாயங்காலம் ஆறரைக்கு நான் பாத்திரம் விளக்கிக்கொண்டிருக்கும்போது அந்தப் பெட்டி திடீரென்று காலி கடையில் எண்பது ரூபாய் வந்தது, நூற்றிருபது வந்தது, எண்பது வந்தது என்று வரிசையாகக் கத்தும். சில நாள் வராமலே போய்விடும், அவர்களுக்குத் திரும்பிப் போயிருக்கும், அவர்கள் ஊருக்கே போயிருப்பார்கள். நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன், நல்ல பிள்ளைகள், சிலர் வழியில் டவர் கிடைத்ததும் வண்டியை நிறுத்தி மறுபடி அனுப்புகிறார்கள். ஆனால் தயவுசெய்து, மலைக்கு வரும்போது சட்டைப் பையில் இருநூறு ரூபாய் சில்லறையாக வைத்துக்கொண்டு வாருங்கள். போனில் 5ஜி என்று எழுதியிருக்கலாம். 2022 அக்டோபர் 1-ல் நாட்டில் 5ஜி தொடங்கியாகிவிட்டது, ஆனால் அதில் வேகமாக ஓடுகிற உயர் அலைவரிசைகள் ஒரு மேட்டைத் தாண்டி மறுபக்கப் பள்ளத்துக்கு வந்து சேராது. நாங்கள் இருப்பது அந்த மறுபக்கப் பள்ளத்தில்.

இந்தப் போன் இருக்கிற இடத்திலும் இருக்காது. ஒரு நாள் ராத்திரி தானாக அப்டேட் ஆனது. காலையில் யாவாரி கூப்பிடுகிறார், மேலே இழுத்துத்தான் எப்போதும் எடுப்பேன், இழுக்கிறேன், எடுக்கவில்லை. பக்கவாட்டில் இழுக்கணுமாம், இனிமேல் அப்படித்தானாம். என் அடுப்படிக்குள் ராத்திரி யாரோ புகுந்து உப்பு டப்பாவையும் சர்க்கரை டப்பாவையும் இடம் மாற்றி வைத்துவிட்டுப் போனால் எப்படி இருக்கும்? யாரைக் கேட்டு மாற்றினார்கள்? கேட்டால் புதுசு என்கிறார்கள். எனக்கு என்ன கோபம் என்றால், இந்த வயதில் நான் ஒன்றைப் படித்து, கையில் பழக்கி, கண்ணை மூடிக்கொண்டு செய்கிற அளவுக்கு வந்ததும் அதை அழித்துவிட்டு முதலிலிருந்து படி என்கிறார்கள். எனக்கே இப்படி என்றால் அம்மா மாதிரி இருக்கிறவர்கள் என்ன செய்வார்கள்?

நான் முதன்முதலில் செல்போன் வாங்கியது 2006-ல், குறிஞ்சி பூத்த வருடம். பூ பார்க்க வந்த கூட்டத்தில் கடையில் நாலு காசு மிஞ்சியது, அதில் ஒரு நோக்கியா வாங்கினோம். அடுத்த குறிஞ்சி 2018-ல் பூத்தது. பன்னிரண்டு வருடம். அந்த நோக்கியா அப்போதும் பேசியது, நடுவில் ஒரே ஒரு தடவை பேட்டரி மாற்றினோம், பின்மூடியை நகத்தால் நெம்பித் திறந்து பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டதோடு வேலை முடிந்தது. இப்போது வருகிற போன்களைப் பசை போட்டு ஒட்டி வைத்திருக்கிறார்கள், பேட்டரி தளர்ந்தால் கடைக்குப் போய்ச் சூடு காட்டிப் பிரிக்க வேண்டும், அந்தச் செலவுக்கு இன்னும் கொஞ்சம் போட்டுப் புதுசே வாங்கிக்கோங்க என்கிறார்கள். ஐரோப்பாவில் 2027 பிப்ரவரியிலிருந்து, வாங்கினவர்களே கழற்றி மாற்றுகிற மாதிரி பேட்டரி வைக்க வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறார்கள். படித்தபோது நிம்மதியாக இருந்தது, நம் ஊருக்கும் அது வர வேண்டும் என்று மனசார வேண்டிக்கொண்டேன். அடுத்த குறிஞ்சி 2030-ல். என் கையில் இருக்கிற இந்தப் போனுக்கு அதைப் படம் எடுக்கிற ஆயுசு உண்டா என்றால், விற்ற கடைக்காரர்கூட உண்டு என்று சொல்ல மாட்டார்.

அந்த 2018-லேயே, குறிஞ்சி உதிர்ந்த கையோடு, நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் வந்தது. வேதாரண்யத்தில் கரை ஏறின புயல் எங்கள் மலை வரைக்கும் வந்து அடித்தது. மரங்கள் விழுந்தன, சாலை அடைபட்டது, கரண்ட் போனது. செல்போன் கோபுரத்தில் இருக்கிற பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்? அதுவும் நின்றது. ஊரில் இருந்த எல்லா டச் போனும் ஒரே நாளில் முகம் பார்க்கிற கண்ணாடியாகப் போயின. அம்மாவின் பட்டன் போனில் ஒரு கட்டை சார்ஜ் இருந்தது. ரேடியோவுக்கு டவர் தேவை இல்லை, சிம் தேவை இல்லை, ரீசார்ஜ் தேவை இல்லை. இருட்டில் அந்த ஒரு போனைச் சுற்றி ஒன்பது பேர் உட்கார்ந்து செய்தி கேட்டோம். எந்த ரோடு அடைத்திருக்கிறது, புயல் எங்கே போகிறது என்று அதில்தான் எங்களுக்குத் தெரிந்தது. என் வீட்டுக்காரர் அப்போது பெரியகுளத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். மழை குறைகிறது என்று ரேடியோ சொன்ன பிறகுதான் அம்மா ஒரு வாய் கஞ்சி குடித்தது.

ரேடியோவுக்காக நான் ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்றால் அந்த ராத்திரிக்காகத்தான். அரசாங்கத்துக்கும் இது தெரிந்திருக்கிறது. 2023 ஏப்ரலில் மத்திய அரசின் மின்னணுவியல் மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம், போன்களில் இருக்கிற எஃப்.எம். வசதியை முடக்கி வைக்காதீர்கள், இல்லாத போன்களில் சேர்த்துக் கொடுங்கள் என்று போன் தயாரிப்பவர்களுக்கு அறிவுரை அனுப்பியது. ஏழைகளுக்குக் காசில்லாமல் கிடைக்கிற ரேடியோ, பேரிடர் நேரத்தில் செய்தி சொல்கிற ரேடியோ என்று காரணமும் அதில் சொல்லியிருந்தார்கள். ஆனால் அது அறிவுரைதான். அறிவுரையைக் கேட்டுக்கொண்ட போன் என் கைக்கு வரவில்லை. மூன்று கேமரா வைக்க இடம் இருக்கிறது, ஒரு துளை போட இடம் இல்லை என்றால் எனக்கு மனசு ஆறவில்லை. அறிவுரையைச் சட்டமாக்குங்கள் என்றுதான் நான் கேட்பேன், யார் காதில் விழுமோ விழட்டும்.

மகனிடம் இதையெல்லாம் சொன்னேன். பாவம், அவன் ஆசையாக வாங்கிக் கொடுத்தது, முகம் வாடிப்போனது. "போன் நல்லாத்தான்டா இருக்கு, பேத்தி முகத்தைப் பார்த்துப் பேச இதுதான் வேணும், நான் வேணாங்கல, ஆனா அம்மாவுக்கு ரேடியோ வேணும்" என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொடைக்கானல் சந்தைக்குப் போனபோது இரண்டு பேரும் கடை கடையாக ஏறி இறங்கி ஒரு டிரான்சிஸ்டர் தேடினோம். நாலாவது கடையில், மேல் தட்டில், தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார் கடைக்காரர். இழுத்தால் நீளுகிற ஏரியல், திருகுகிற சக்கரம், மூன்று கட்டை பேட்டரி. எழுநூற்று ஐம்பது ரூபாய். மகன்தான் காசு கொடுத்தான், நோட்டாக.

அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு சக்கரத்தை மெதுவாகத் திருகியது. கரகர, கரகர, அப்புறம் ஒரு பாட்டின் நடுவில் போய் நின்றது. யாரும் அம்மாவுக்கு எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. விரல் ரேகை கேட்கவில்லை. மப்ளரை அவிழ்க்கச் சொல்லவில்லை.

இப்போது அது கடைத் திண்டில், பூண்டுக் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. போன வாரம் திருப்பூரிலிருந்து நாலு பிள்ளைகள் வந்தார்கள். நல்ல சாரல். டீ சொல்லிவிட்டு வழக்கம்போல போனைத் தூக்கிக்கொண்டு டவர் தேடினார்கள், கிடைக்கவில்லை, வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு தம்பி கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "டவரே இல்ல, உங்களுக்கு மட்டும் எப்படிக்கா பாடுது, என்ன ஆப்பு இது?" என்றான்.

"ரேடியோப்பா. நூறு புள்ளி அஞ்சு" என்றது அம்மா, பூண்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

உடனே நாலு பேரும் தங்கள் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள், மேலே பார்த்தார்கள், கீழே பார்த்தார்கள். ஒருத்தர் போனிலும் துளை இல்லை. அப்புறம் போனைப் பைக்குள் போட்டுவிட்டு, சாரல் நிற்கிற வரைக்கும் பெஞ்சிலேயே இருந்தார்கள். இன்னும் ஒரு ரவுண்டு டீ சொன்னார்கள். ஒரு தம்பி அம்மாவுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து இரண்டு கை பூண்டு உரித்துக் கொடுத்தான்.